உள்ளத்தைப் பிளந்து பார்த்தவர் யார்?

மாற்றுக் கருத்துடையவனை எதிர்கொள்வதற்கு உலகில் இரண்டு வழிகள் உண்டு. அவன் கூற்றை எடுத்து ஆராய்ந்து, பிழை இன்ன இடத்தில் என்று காட்டுவது ஒன்று. அவன் கூற்றைத் தொடாமலேயே, 'இவன் சாத்தானின் வலையில் சிக்கியவன். உண்மையைக் காணும் கண் இவனுக்கு இல்லை' என்று தீர்ப்புக் கூறிவிடுவது மற்றொன்று. முதலாவதற்கு உழைப்பு வேண்டும். இரண்டாவதற்கு நாக்கு ஒன்றே போதும். ஆதலால்தான் இரண்டாவது வழியில் என்றும் கூட்டம் மிகுதியாக இருக்கிறது.

புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் பேருந்துக்குக் காத்து நிற்போர் கையில் தரப்படும் சமயத் துண்டறிக்கைகளைப் படித்துப் பார்க்கும் அன்பர்கள் இவ்விரண்டாவது வழியை நன்கு அறிவார்கள். அன்பையும் ஆறுதலையும் பேசும் அறிக்கைகளோடு நமக்கு வழக்கில்லை. அண்டை வீட்டார் தம் நெஞ்சில் கொண்டதை நம்மிடம் சொல்ல உரிமை உடையவர். நம் வழக்கு, 'இதை ஏற்காதவன் ஏமாற்றப்பட்டவன்' என்று முடியும் அறிக்கைகளோடுதான்.

இக்கருத்து துண்டறிக்கை அச்சிடுவோர் தாமாகப் புனைந்ததன்று. புதிய ஏற்பாட்டிலேயே அதற்கு வேர் இருக்கிறது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் 2-ஆம் அதிகாரம், உண்மையின் மீது அன்பு கொள்ள மறுத்தவர்களிடம் பொய்யை நம்பச் செய்யும் வல்லமை மிக்க மயக்கத்தைக் கடவுளே அனுப்புவதாகக் கூறுகிறது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் 4-ஆம் அதிகாரமோ, நம்பாதவர்களின் அறிவுக் கண்ணை இவ்வுலகின் அதிபதி குருடாக்கிவிட்டதாகக் கூறுகிறது. அதே கடிதத்தின் 11-ஆம் அதிகாரத்தில், சாத்தான் ஒளியின் தூதனைப் போல வேடம் புனைவான் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது.

இம்மூன்றையும் சேர்த்துப் பின்னினால் கிடைக்கும் கயிற்றின் வலிமையைப் பாருங்கள். ஒருவன் நற்செய்தியை ஏற்றால், அது உண்மை என்பதற்கு அவனே சான்று. ஏற்கவில்லையென்றால், குருடாக்கப்பட்டான் என்பதற்கு அவனே சான்று. அவன் ஒழுக்கமுள்ளவனாக வாழ்ந்து காட்டினாலும் பயனில்லை. சாத்தான் ஒளியின் வேடம் புனைந்திருக்கிறான் என்று விடை ஆயத்தமாக இருக்கிறது. எந்த விடையும் வாதிக்கே சாதகமாக முடிகிற ஒரு விசாரணையை நீதிமன்றம் என்று எவரேனும் அழைப்பார்களா?

கிறிஸ்தவ அறிஞர் இதற்குக் கூறும் விளக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடவுள் எவரையும் முதலில் மயக்குவதில்லை; மனிதன் தானே உண்மையைப் புறக்கணிக்கிறான்; அதன்பின் அவனை அவன் விருப்பத்திற்கே கடவுள் விட்டுவிடுகிறார்; அந்த விடுகையைத்தான் மயக்கம் அனுப்புதல் என்று வேதம் குறிக்கிறது என்பது அவர்கள் கூற்று. இதை நாம் எள்ளி நகையாட இயலாது. உள்ளங்களில் இடப்படும் முத்திரையைப் பற்றி நம் திருமறையும் இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே பேசுகிறது. அம்முத்திரை அவர்களுடைய நிராகரிப்பின் விளைவே என்று நான்காம் அத்தியாயம் காரணமும் கூறுகிறது. ஆகவே, 'உங்கள் வேதத்தில் மட்டும் இது இல்லையா?' என்று கிறிஸ்தவ அன்பர் ஒருவர் கேட்பாராயின், உண்டு என்றே விடை கூறுவோம்.

ஆனால் முத்திரை இட்டவன் இறைவன். எவர் உள்ளத்தில் இட்டான் என்ற பதிவேட்டை அவன் எந்த மனிதனிடமும் ஒப்படைக்கவில்லை. போர்க்களத்தில் வாள் ஓங்கப்பட்ட வேளையில் கலிமா மொழிந்த எதிரியை உஸாமா (ரலி) அவர்கள் வெட்டி வீழ்த்திய செய்தியை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். அவன் வாளுக்கு அஞ்சியே அதைச் சொன்னான் என்று அவர் காரணம் கூறியபோது, அவன் உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடவில்லை; கண்டித்துக்கொண்டே இருந்தார்கள். அன்றுதான் தாம் இஸ்லாத்தில் நுழைந்திருக்கக் கூடாதா என்று உஸாமா ஏங்கும் அளவுக்குக் கண்டித்தார்கள். நம் கேள்வியும் அதுவே. பிறன் உள்ளத்தைப் பிளந்து பார்த்தவர் யார்?

பிளந்து பார்த்ததாக எண்ணிக் கொண்டவர்கள் நம் மாவட்டத்து மண்ணிலேயே வாழ்ந்திருக்கிறார்கள். திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்தின் வடபகுதியில் ஆவூர் என்றோர் ஊர் உண்டு. பெரியநாயகி மாதா கோயிலும் தேர்த் திருவிழாவும் அவ்வூரின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றிருக்கின்றன. அங்கே முதற் கோயிலை 1697-இல் எழுப்பியவர் வெனான்சியுஸ் பூஷே என்ற பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைப் பாதிரியார். இப்போதுள்ள கோயில் 1747-இல் எழுந்தது.

பூஷே கோயில் கட்டியதோடு நின்றவர் அல்லர். ஐரோப்பாவுக்கு நீண்ட கடிதங்கள் எழுதியவர். அவற்றுள் ஒன்றின் வரலாறு சுவையானது. பண்டைய கிரேக்க, ரோமானியக் கோயில்களில் குறி சொன்னது சாத்தான் அன்று, பூசாரிகளின் சூழ்ச்சியே என்று ஃபோந்தெனெல் என்ற பிரெஞ்சு அறிஞர் 1687-இல் ஒரு நூல் வெளியிட்டார். அது ஐரோப்பாவில் பெரும் பரபரப்பை எழுப்பியது. பால்தூஸ் என்ற சேசு சபையார் 1707-இல் அதற்கு மறுப்பு எழுதினார். குறி சொன்னது சாத்தானே, கிறிஸ்தவம் பரவியதும் அவன் வாய் அடைத்துவிட்டது என்று நிலைநாட்ட முயன்றார். அவருக்குக் கண்கண்ட சாட்சி தேவைப்பட்டது. அந்தச் சாட்சியைத் தமிழகத்திலிருந்து எழுதி அனுப்பியவர் நம் ஆவூர்ப் பூஷேதான். இந்நாட்டில் இன்றும் சாத்தான் மனிதர் மேல் ஏறிக் குறி சொல்கிறான், கிறிஸ்தவர்கள் அருகில் வந்தால் ஊமையாகிறான், நாம் நாள்தோறும் காண்கிறோம் என்பது அக்கடிதத்தின் சாரம். இவ்வாறு நம் ஊர்க் குறிமேடைகள் பாரீஸ் நகரத்து அறிஞர் சண்டையில் சாட்சிக் கூண்டேறின. குறி கேட்ட குடியானவனுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இச்சான்றின் பெறுமானம் என்ன? ஆட்டம் கண்ட ஒருவன் பாதிரியாரின் முன் அடங்கினான் என்பது மெய்யாகவே இருக்கட்டும். மனநோயாளிகளைக் குணசீலம் பெருமாள் கோயிலில் வைத்து 48 நாள் காத்துக் கிடந்து, தெளிவு பெற்றுத் திரும்பியதாகக் கூறும் குடும்பங்கள் இல்லையா? நாகூருக்கும் ஏர்வாடிக்கும் கொண்டுபோய்த் தெளிந்தது என்பார் நம்மவரில் இல்லையா? அடங்கியதே சான்று என்றால் மூன்று சமயமும் ஒருங்கே மெய்யாக வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று சாத்தானின் இருப்பிடமென்று சொல்லவும் வேண்டும். பூஷேயின் அளவுகோல் இவ்விடத்தில் முறிகிறது.

ஏர்வாடியின் பெயரைச் சொன்ன வாய் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொள்ள இயலவில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலை, அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினார்கள். மாண்டவர் 28 பேர். தம் பிள்ளைக்கு வந்தது நோயன்று, ஏதோ ஒன்று பற்றிக் கொண்டது என்று நம்பிக் கொண்டுவந்து விட்டவர்களும் அவர்களின் பெற்றோருள் இருந்தனர். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எளிதாகக் காரணம் காட்டும் பழக்கம் ஏட்டில் முடிகிற விவகாரம் அன்று. பிடி தளராத சங்கிலியாகவும் அது ஆகிவிடுகிறது.

பூஷேயின் மற்றொரு கடிதம் ஊவே என்ற ஆயருக்கு எழுதப்பட்டது. இந்நாட்டாரின் சமயக் கதைகளெல்லாம் மூசா (அலை) அவர்களின் வேதத்திலிருந்து சிதைந்து வந்தவை என்றும், பிரமன் என்பது இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரே என்றும், சரஸ்வதி சாரா அம்மையாரே என்றும் அதில் ஒப்பிட்டுக் காட்டினார். ஓசை ஒற்றுமையை வைத்துக் கட்டிய வீடு; காற்றுக்கு நில்லாது. அதை விட்டுவிடுவோம்.

ஆவூரில் பணியாற்றிய இன்னொருவர் தமிழுலகம் முழுதும் போற்றும் வீரமாமுனிவர். 'எ', 'ஏ' என்றும் 'ஒ', 'ஓ' என்றும் எழுத்துகள் இப்பக்கத்தில் வேறுபட்டுத் தெரிவதற்கு அவருக்கே நாம் கடன்பட்டிருக்கிறோம். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த அந்தக் கை வேறு சிலவற்றையும் எழுதியது. டேனியர் ஆதரவில் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் பாதிரிமார், சீகன்பால்கு தலைமையில் அச்சுக்கூடம் நிறுவினர். 1713-இல் 'அக்கியானம்' என்ற பெயரிலேயே ஒரு நூலை அச்சிட்டு இந்நாட்டார் சமயத்தைச் சாடினர். அடுத்து வந்த ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டையும் தமிழில் வெளியிட்டனர். அவர்களை எதிர்த்து வீரமாமுனிவர் எழுதியவையே வேத விளக்கமும், பேதகமறுத்தலும், லுத்தேரினத்தியல்பும். லுத்தரன் கொள்கை திருச்சபையைப் பிளந்த மயக்கம் என்பது அவர் கட்சி. தரங்கம்பாடியார் சும்மா இருப்பார்களா? போப்பே அந்திக்கிறிஸ்து என்று 1537-ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையில் எழுதிய மார்ட்டின் லூதரின் வழிவந்தவர்கள் அவர்கள். உண்மையின் கோயிலில் அமர்ந்து உலகை ஏமாற்றுவோன் ரோமாபுரியிலேயே இருக்கிறான் என்று தெசலோனிக்கேயர் கடிதத்தின் அதே அதிகாரத்தைக் கொண்டு நிறுவியவர்கள்.

அதாவது, ஒரே வேதம், ஒரே அதிகாரம். அதை ஆவூர் தரங்கம்பாடியை நோக்கி நீட்டுகிறது, தரங்கம்பாடி ஆவூரை நோக்கி நீட்டுகிறது. இருவரும் சேர்ந்து கோயிலையும் பள்ளிவாசலையும் நோக்கி நீட்டுகிறார்கள். நடுவே நிற்கும் தமிழன் எவர் சொல்வதைக் கேட்டுத் தன்னைக் குருடன் என்று ஒப்புக்கொள்வது?

இவர்கள் இவ்வாறு பிறர் உள்ளத்தைத் துழாவிக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தம் வாசற்படியில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்நோன், பூஷேயிடமும் பெர்தோல்டி என்ற மற்றொரு பாதிரியாரிடமும் விவரம் கேட்டறிந்து 1704-இல் ஓர் ஆணை பிறப்பித்தார். பல சடங்குகளைத் தடை செய்த அவ்வாணையில் ஒரு கட்டளையும் இருந்தது. பறையர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் நோயுற்றுக் கிடந்தால், பாதிரிமார் அவர்களின் வீட்டுக்கே சென்று இறுதிச் சடங்கு அளிக்க வேண்டும் என்பது அது. சாகக் கிடப்பவனின் குடிசைக்குள் குனிந்து நுழைய வேண்டும், அவ்வளவே. அவ்வாறு நுழைந்தால் மேற்சாதிக் கிறிஸ்தவர்கள் தம்மை அண்டமாட்டார்கள் என்று சேசு சபையார் முறையிட்டனர். வழக்கு ரோமுக்குப் போயிற்று. ஒரு போப்புக்குப் பின் மற்றொரு போப்பாக விசாரித்து, 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் முடிவு கட்டினார். முடிவு என்ன? பறையர்க்கென்று தனிக் குருமாரை ஏற்படுத்திக் கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்கு இசைவு கிடைத்தது.

40 ஆண்டுகள்! பூசாரியின் மேல் ஏறியிருப்பது சாத்தான் என்று கண்டுகொள்ள ஒரு நொடி போதுமாக இருந்தவர்களுக்கு, ஒரு குடிசையின் வாசலைக் கடக்க 40 ஆண்டுகள் போதவில்லை. ஒளியின் தூதனைப் போல வேடமிட்டு வருவான் என்று பவுல் எச்சரித்தவன் எந்த வாசலில் நின்றான் என்று நாம் கேட்டால், அவர்கள் சினம் கொள்ளலாகாது.

இதைப் படித்துவிட்டு நம்மவர் எவரும் மீசையை முறுக்க வேண்டியதில்லை. ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, பெண் கொடுக்கும் நேரத்தில் மரைக்காயர், லெப்பை, ராவுத்தர் என்று விசாரிக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை? முடி திருத்துவோர் வீட்டில் சம்பந்தம் செய்ய ஒப்பாத செல்வர்கள் எத்தனை? அவர்களை ஷைத்தான் பிடித்திருக்கிறான் என்று எந்த மேடையிலாவது எவரேனும் சொன்னதுண்டா? அந்தச் சொல் ஏனோ எதிர்ப் பள்ளிவாசல்காரருக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தர்காவுக்குப் போகிறவனை வழிகெட்டவன் என்று ஒருவர் முழங்குகிறார்; போகாதவனை வழிகெட்டவன் என்று மற்றவர் முழங்குகிறார். ஒலிபெருக்கி மட்டும் இருவருக்கும் ஒன்றே.

மீண்டும் கிறிஸ்தவ அன்பர்களிடம் வருவோம். உமையாக்கள் ஆண்ட திமிஷ்கு நகரத்துக் குடும்பத்தில் பிறந்து, அவ்வரசில் பணிசெய்த மரபினரான யோவான் என்ற துறவி, 8-ஆம் நூற்றாண்டில் நம் மார்க்கத்தை மக்களை மயக்கும் வழி என்றும் அந்திக்கிறிஸ்துவின் முன்னோடி என்றும் எழுதி வைத்தார். அத்தீர்ப்பை வழிமொழிந்தவர்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பலர். பிறகு 1965 அக்டோபர் 28-ஆம் நாள், வத்திக்கானில் கூடிய சங்கம், ஒரே இறைவனை வணங்கும் முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்று அறிவித்தது. நாம் அதை நன்றியோடு வரவேற்கிறோம். ஆயினும் கேட்காமல் இருக்க முடியவில்லை: அன்றைக்கு முன்னாள் நாம் எதைத் தொழுதோமோ அதையே மறுநாளும் தொழுதோம். நம் கலிமாவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அப்படியானால், 1,200 ஆண்டுகளாக நம் கண்ணில் இருந்ததாகச் சொல்லப்பட்ட மறைப்பு உண்மையில் எவர் கண்ணில் இருந்தது?

ஏமாற்றமே உலகில் இல்லை என்பது நம் கட்சி அன்று. தஜ்ஜாலைப் பற்றிய எச்சரிக்கை நமக்கும் உண்டு. தொழுகையின் இறுதி இருப்பில் அவனுடைய குழப்பத்திலிருந்து பாதுகாவல் தேடுகிறோம். யாருக்காகத் தேடுகிறோம்? நமக்காக. ஈசா (அலை) அவர்கள் தம் சீடர்களுக்குக் கற்பித்ததாக மத்தேயு எழுதும் மன்றாட்டிலும், சோதனையிலிருந்தும் தீயோனிடமிருந்தும் காக்க வேண்டுவது தம்மைத்தான். அண்டை வீட்டான் மயங்கிவிட்டான் என்று புகார் செய்வதற்கு அம்மன்றாட்டில் இடம் இல்லை.

உண்மையை அறிய வேறு வழி புதிய ஏற்பாட்டிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. பவுல் தெசலோனிக்காவில் எதிர்ப்பைச் சந்தித்துப் பெரோயா என்ற பக்கத்து ஊருக்குப் போன செய்தி அப்போஸ்தலர் நடபடிகளின் 17-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தெசலோனிக்கேயரைவிடப் பெரோயர் நற்குணம் உடையவர்கள் என்று அது பாராட்டுகிறது. காரணம், பவுல் சொன்னது சரிதானா என்று அவர்கள் நாள்தோறும் வேதத்தைப் புரட்டிச் சோதித்தார்கள். சொன்னவர் பவுல், ஆயினும் சோதித்தது குற்றமாகவில்லை, குணமாயிற்று. துண்டறிக்கை அச்சிடுவோர் தெசலோனிக்காவை அடிக்கடி எடுத்துக் காட்டுகிறார்கள். பெரோயாவுக்கு அவர்கள் வருவதே இல்லை.

சோதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆக்ரா நகரம் சான்று. 1854 ஏப்ரல் 10, 11 ஆகிய நாட்களில், மீஸானுல் ஹக் என்ற நூலை எழுதிய ஃபாண்டர் பாதிரியாரோடு மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி அவர்கள் பலர் முன்னிலையில் வாதம் நடத்தினார்கள். எதிரியைக் குருடன் என்று கூறியிருந்தால் அன்று கைதட்டல் கிடைத்திருக்கும். அவர்கள் அதைச் செய்யவில்லை. மருத்துவர் வஸீர் கான் அவர்களின் துணையோடு, ஐரோப்பிய விவிலிய ஆராய்ச்சியாளர்களின் நூல்களையே திரட்டிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். விவிலியப் பிரதிகளில் வேறுபாடுகள் சில இடங்களில் உண்டு என்பதை ஃபாண்டர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பின்னர் கைரானவி அவர்கள் இஸ்ஹாருல் ஹக்கை எழுதி முடித்தது 1864-இல்.

அத்தகைய ஆராய்ச்சியின் பலனை இன்று தமிழிலேயே காணலாம். யோவானின் முதற் கடிதம் 5-ஆம் அதிகாரத்தின் 7-ஆம் வசனத்தைப் பழைய தமிழ் விவிலியத்தில் எடுத்துப் பாருங்கள். பரலோகத்தில் மூவர் சாட்சி கூறுவதாகவும் மூவரும் ஒருவரே என்றும் இருக்கும். எராஸ்மஸ் 1516-இல் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் அது கிடையாது. எதிர்ப்புக்குப் பின் 1522-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்ந்தது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அவ்வாசகம் இல்லை. நீக்கியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் ஒன்றாக அமர்ந்து செய்த மொழிபெயர்ப்பு அது. ஆவூரின் வாரிசுகளும் தரங்கம்பாடியின் வாரிசுகளும் ஒரே மேசையில்! ஒருவரையொருவர் மயங்கியவர் என்று சொல்லிக் கொண்டிருந்தவரை நடவாத காரியம், பிரதிகளை விரித்து வைத்தபோது நடந்தது.

கைரானவி அவர்களிடம் மக்காவில் பயின்றவர்களுள் ஒருவரே வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை நிறுவிய ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் அவர்கள். அம்மரபில் ஓதி வரும் ஆலிம்களிடம் நம் மாவட்டத்து ஜமாஅத்தார்கள் கேட்டுப் பெற வேண்டியது ஒன்று இருக்கிறது. துண்டறிக்கையோடு ஓடி வரும் இளைஞனிடம், 'அவர்கள் உள்ளத்தில் முத்திரை விழுந்துவிட்டது, போய் உன் வேலையைப் பார்' என்று சொல்லி அனுப்பாமல், பழைய விவிலியம், பொது மொழிபெயர்ப்பு, இஸ்ஹாருல் ஹக் ஆகிய மூன்றையும் அவன்முன் எடுத்து வைத்து, அவனோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்த அறிக்கையைக் கொடுத்த அன்பரும் வர இசைந்தால், அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.